கொடிப் பயிர்களில் வைரஸ்: வாசகர் கேள்வி – பதில்

தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரி, பாகல், சுரை, பரங்கி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேமலையும் குருத்துக் கருகலையும் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் ஹைபிரிட் தர்பூசணி போட்டிருக்கிறேன். நட்டு 35 நாள் ஆகிறது. கொடி ஓடாமல் நுனி மேல்நோக்கி நிற்கிறது, பிறகு குருத்து கருகிவிடுகிறது. கடையில் சொன்னபடி பூஞ்சாண மருந்து மூன்று முறை அடித்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம்? — வாசகர், திண்டிவனம்

பதில்: நீங்கள் எழுதிய அடையாளங்கள் மொட்டுக் கருகல் வைரஸுக்கு அப்படியே பொருந்துகின்றன. பூஞ்சாண மருந்துக்கு இதில் வேலையே இல்லை. இனி அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் பூஞ்சாணமா வைரஸா என்று பிரித்துப் பாருங்கள். பூஞ்சாணத்தால் வரும் பிசின் கசிவு நோய் பெரும்பாலும் அடித்தண்டுப் பக்கம் தொடங்கும். தண்டு வெடித்துச் செம்பழுப்புப் பிசின் வடியும். மொட்டுக் கருகல் நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும். இளம் இலையில் மஞ்சள் புள்ளிகள், தண்டில் கருங்கோடுகள், கணுவிடை குறுகி நுனி நிமிர்ந்து நிற்பது, கடைசியில் குருத்து காய்வது என்று வரிசையாக வரும். காய் பிடித்திருந்தால் தோலில் வளையங்களும் திட்டுகளும் தெரியும்.

இந்த வைரஸ் 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில்தான் முதலில் பதிவானது. இதைப் பரப்புவது 'திரிப்ஸ் பால்மி' என்னும் இலைப்பேன். ஒரு மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம். வெள்ளைத் தாள் ஒன்றைக் குருத்துக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டினால் தாளில் ஓடுவது தெரியும்.

இந்தப் பேனிடம் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய ஒரு பலவீனம் உண்டு. இறகு முளைக்காத குஞ்சுப் பருவத்தில் நோயுள்ள செடியைத் தின்றால்தான் அது வைரஸைப் பரப்பும் நிலைக்கு வரும். வளர்ந்த பேன் புதிதாக நோய்ச்செடியில் உட்கார்ந்து குடித்தாலும் அடுத்த செடிக்குக் கொடுக்காது. குஞ்சில் நுழைந்த வைரஸோ பேனின் உடலுக்குள்ளேயே பெருகி, அது சாகும் வரை கூடவே இருக்கும். ஆகவே வயலில் விட்டுவைக்கும் ஒவ்வொரு நோய்ச்செடியும் அடுத்த தலைமுறைக் கடத்திகளை வளர்க்கிறது. கோடை வெயிலில் முட்டையிலிருந்து இறகு முளைப்பது வரை ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அடையாளம் தெரிந்த அன்றே பிடுங்குவதற்கும் பத்து நாள் கழித்துப் பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதனால்தான் அவ்வளவு பெரியது.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. செடியை உலுக்கி இழுத்தால் பேன்கள் பக்கத்துக் கொடிக்குத் தாவும். முந்தின நாள் மாலை அந்தச் செடிக்கும் சுற்றிலும் உள்ள செடிகளுக்கும் பூச்சிமருந்து தெளியுங்கள். மறுநாள் காலை செடியைச் சாக்குப் பைக்குள் போட்டு வெட்டி, வாயைக் கட்டி எடுத்துப் போய்ப் புதையுங்கள். வரப்பில் வீசிவிட்டுப் போனால் பிடுங்கியதன் பயன் பாதி போய்விடும்.

உங்கள் பயிர் 35 நாள் கடந்துவிட்டது. காய் பிடித்துக் கைப்பிடி அளவுக்கு வந்த கொடிகளை இனிப் பிடுங்குவதில் லாபம் குறைவு. அவை ஏதோ ஒரு விளைச்சல் தரும். காயே பிடிக்காமல் நுனி கருகி நிற்பவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு இதைச் செய்யுங்கள். நாற்றைக் குழித்தட்டில், 40 முதல் 50 மெஷ் பூச்சி வலைக்குள் வளர்த்து 12–15 நாளில் நடுங்கள். மேட்டுப்பாத்தியில் 25 அல்லது 30 மைக்ரான் வெள்ளி–கறுப்பு நிலப்போர்வையை வெள்ளிப் பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். வெள்ளி ஒளி பட்டால் பேனும் அசுவினியும் இறங்கத் தயங்கும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும் பேனுக்கு வழியும் அடைபடும். கொடி போர்வையை மூடும் வரைதான் இந்த ஒளிப் பாதுகாப்பு, ஆனால் ஆபத்தான நாட்களும் அவைதான். வயலைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ இரண்டு மூன்று வரிசை, நடவுக்கு 15–20 நாள் முன்பே விதைத்துவிடுங்கள். சேர்ந்தாற்போல் விதைத்தால் அது உயர்வதற்குள் தர்பூசணிக்கு நோய் வந்துவிடும். முடிந்துபோன பழைய தர்பூசணி வயலுக்குப் பக்கத்தில் புதியதை நடுவது, எவ்வளவு மருந்து அடித்தாலும் ஈடுகட்ட முடியாத தவறு.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிந்தெடிக் பைரெத்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் இந்தப் பேன் குறையாது, கூடும். பேனைத் தின்னும் சிறு நாவாய்ப்பூச்சிகள் செத்துவிடுகின்றன, பேன் தப்பிக்கிறது. தர்பூசணிக்கு என்று லேபிளில் அச்சிட்டுள்ள மருந்துகளை, ஒரே வகையை அடுத்தடுத்து அடிக்காமல் மாற்றி மாற்றி, தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் தெளியுங்கள்.

கேள்வி: பரங்கி, வெள்ளரி இரண்டிலும் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல். அசுவினிக்கு வாரம் ஒரு மருந்து அடிக்கிறேன், அசுவினியும் இல்லை. ஆனாலும் தேமல் பரவுகிறதே, ஏன்? — வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மருந்து அசுவினியைக் கொல்கிறது என்பதில் சந்தேகமில்லை. அது செத்துப்போவதற்கு முன்பே வைரஸைக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

வெள்ளரித் தேமல் வைரஸ், சுக்கினி (பரங்கி இனத்துக் காய்) மஞ்சள் தேமல் வைரஸ், பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் கொடிப்பயிர் வகை, தர்பூசணித் தேமல் வைரஸ் ஆகிய நான்கும் அசுவினியின் வாயூசி நுனியில் ஒட்டிக்கொண்டு பயணிப்பவை. கழுவாத ஊசியை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் குத்துவது போலத்தான். நோயுள்ள இலையில் சில நொடி குத்திச் சுவை பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும், அடுத்த இலையில் சில நொடி குத்தினாலே இறங்கிவிடும். எந்தப் பூச்சிமருந்தும் அத்தனை வேகத்தில் வேலை செய்யாது. வயலில் குடியிருக்கும் அசுவினியை விட, வழியில் இறங்கி, பிடிக்காமல் நாலைந்து செடியைக் குத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோகும் இறகு அசுவினிதான் இங்கே பெரிய கடத்தி. உங்கள் வயலில் அசுவினி கண்ணில் படாமலே தேமல் பரவுவது இதனால்தான். வெள்ளரித் தேமல் வைரஸை மட்டும் 80க்கு மேற்பட்ட அசுவினி இனங்கள் கடத்துகின்றன. 1,200க்கு மேற்பட்ட செடி இனங்களில் அது வாழ்கிறது.

இதற்குப் பயன் தருவது வேறு. வாயூசியில் ஒட்டிய வைரஸ் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது, வைரஸ் ஏறாத செடியை இரண்டு முறை குத்தினாலே போய்விடும். மக்காச்சோள வரப்புப் பயிர் செய்வது இந்த வேலைதான்: அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்தி, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. தோட்டக்கலைக்கான கனிம எண்ணெயை லிட்டருக்கு 10 மில்லி கலந்து வாரம் ஒருமுறை இலையின் இருபுறமும் படும்படி தெளித்தால், வைரஸ் ஊசியில் ஒட்டுவதே தடைபடும். உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது. கந்தகம் தெளித்த இலையில் எண்ணெய் பட்டால் இலை வெந்துபோகும், இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். விலை கிடைக்கும் பயிரென்றால் நட்ட நாள் முதல் மெல்லிய துணிப்போர்வையால் பாத்தியை மூடி, காய்ப்பூ மலரத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். அதற்கு மேல் மூடினால் தேனீ வராது, காய் பிடிக்காது.

பரங்கியில் நரம்பெல்லாம் பளிச்சென்று மஞ்சளாகி, இலையடியில் வெள்ளை ஈ இருந்தால் கதை மாறும். அது வெள்ளை ஈ கடத்தும் 'பெகோமோ' என்னும் வைரஸ் வகை. அந்த வைரஸ் ஈயின் உடலுக்குள் போய்ச் சுற்றி வர மணிக்கணக்கில் ஆகும். ஆனால் ஒருமுறை ஏறினால் நாள் கணக்கில் போகாது. அங்கே பூச்சிமருந்துக்கும் வேப்பங்கொட்டைச் சாற்றுக்கும் ஓரளவு பலன் உண்டு.

சாற்றை இப்படித் தயாரியுங்கள். நன்கு காய்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறப்போடுங்கள். காலையில் பால் நிறம் வரும் வரை மரக்கட்டையால் கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். சோப்புக் கரைசல் 200 கிராம் சேர்த்து மாலையில் தெளியுங்கள். கொட்டை சேகரித்து மூன்று முதல் எட்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. வெள்ளரி இனத்தின் இளநாற்றுக்குச் சோப்பு சூடு, ஆகையால் முதலில் நான்கு செடிக்கு அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள்.

கேள்வி: சுரை வேரில் ஒட்டுக்கட்டிய தர்பூசணி நாற்று வாங்க எண்ணியிருக்கிறேன். ஒட்டு நாற்றில் வைரஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? — வாசகர், ஓசூர்

பதில்: அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளரி பச்சைத் தேமல் வைரஸ் என்று ஒன்று உண்டு. 1935இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டது. நம் நாட்டில் சுரையில் 1940களிலேயே கண்டார்கள், தமிழ்நாட்டுச் சுரையிலும் பதிவாகியிருக்கிறது. இதற்குப் பூச்சி தேவையில்லை. விதையில் வரும். பிறகு கத்தி, கை, துணி, பாசன நீர், காய்ந்த சருகு, மண் எல்லாவற்றிலும் பரவும். புகையிலைத் தேமலின் நெருங்கிய உறவு என்பதால் அவ்வளவு உறுதியானது.

ஒட்டு நாற்றுக்கூடத்தில் ஒரே பிளேடால் நூற்றுக்கணக்கான நாற்றை வெட்டுகிறார்கள். சுரை விதை ஒன்றில் வைரஸ் இருந்தால் பிளேடு அதை வரிசையாக எடுத்துச் செல்லும். நாற்றில் அடையாளம் தெரியாமல் போகலாம். தர்பூசணியில் காய் முற்றும்போதுதான் வெளிப்படும்: வெளியே நன்றாக இருக்கும், அறுத்தால் சதை கருஞ்சிவப்பாகி நார் நாராக, பஞ்சு போல் பிரியும். வியாபாரி திருப்பி அனுப்பும் நிலை. 2014இல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கேத்தரின் வட்டாரத் தர்பூசணிப் பண்ணைகளில் இது வந்தபோது பண்ணைகளையே தடைக்காவலில் வைத்தார்கள்.

ஒட்டு நாற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை. வாடல் நோயும் நூற்புழுவும் உள்ள மண்ணில் அதன் பயன் பெரியது. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வேர்க்கன்றாக, அதாவது அடியில் வேராக அமையும் சுரையின் விதை சோதிக்கப்பட்டதா? பிளேடை எத்தனை நாற்றுக்கு ஒருமுறை நனைக்கிறார்கள், எதில்? அங்கே வேலை செய்பவர்கள் ஒரு தட்டு முடிந்ததும் கை கழுவுகிறார்களா? கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 20 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 200 கிராம், இந்த இன வைரஸைப் பிளேடிலும் கையிலும் செயலிழக்கச் செய்கிறது. நேரடிப் பதில் தராத நாற்றுக்கூடத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டு விதையைச் சுத்தம் செய்ய டிரைசோடியம் பாஸ்பேட் 100 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஓடும் நீரில் நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது காரம். தோலின் மேல் ஒட்டியிருப்பதை இது நீக்கும். உள் அடுக்கில் இருப்பதை நீக்காது. உள்ளே இருப்பதற்கு விதைக் கம்பெனிகள் 70 டிகிரி உலர் வெப்பத்தில் 72 மணி நேரம் வைக்கின்றன. ஈரம் படிப்படியாகக் குறைக்கப்படாத விதையை நேரே அந்தச் சூட்டில் வைத்தால் முளைப்பு அடிபடும். வீட்டு அவனில் முயல வேண்டாம்.

கேள்வி: பாகலில் அடி இலைகள் மஞ்சளாகித் தடித்து, மடக்கினால் ஒடிகின்றன. மக்னீசியம் இரண்டு முறை தெளித்தும் மாறவில்லை. — வாசகர், தேனி

பதில்: மக்னீசியக் குறை என்றால் பாத்தி முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும், லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் தெளித்தபின் புதிதாக விரியும் இலைகளாவது சரியாக இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, பச்சைச் செடிக்குப் பக்கத்திலேயே மஞ்சள் செடி நின்று, நரம்பு மட்டும் பச்சையாக, இலை மொடமொடவென்று ஒடிந்தால் 'அசுவினி கடத்தும் மஞ்சள் வைரஸ்' என்று சந்தேகப்படுங்கள். 1992இல் பிரான்சில் விவரிக்கப்பட்டது, இந்தியப் பாகலிலும் பதிவாகியுள்ளது. காயின் வடிவம் கெடாது, பூ உதிர்ந்து காயின் எண்ணிக்கைதான் குறையும். ஆகவே பலரும் உரக்குறை என்றே நினைத்து உரத்தைக் கொட்டுகிறார்கள்.

ஒட்டன்சத்திரம் வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே அசுவினியைக் கட்டுப்படுத்தினால் பலன் உண்டு. இந்த வைரஸ் வாயூசியில் ஒட்டுவதில்லை, அசுவினி நீண்ட நேரம் சாறு குடித்தால்தான் ஏறும், நீண்ட நேரம் குடித்தால்தான் இறங்கும். முதல் 30 நாள் அசுவினி கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே இரவில் வயலின் ஒரு ஓரத்தில் எல்லா வெள்ளரி இலையும் விசிறி போல் சுருங்கிவிட்டது. வைரஸா? — வாசகி, செய்யூர்

பதில்: ஒரே நேரத்தில், ஒரே ஓரத்தில், எல்லாச் செடியிலும் வந்தால் வைரஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பக்கத்தில் நெல்லுக்கோ கரும்புக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். நரம்புகள் இணைகோடாக நெருங்கி, இலை ஒடுங்கி நிற்பது அதன் முத்திரை. கொடிப் பயிர்கள் அதற்கு மிகவும் மென்மையானவை. கழுவாத தெளிப்பான் டேங்கில் மிஞ்சியதே போதும். லேசாகப் பட்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதுத்தளிர் நேராக வரும். வைரஸ் தாக்கிய செடியில் அப்படி வராது. பிடுங்க அவசரப்படாதீர்கள்.

கேள்வி: வைரஸ் தாக்கிய பூசணியைச் சமைத்துச் சாப்பிடலாமா? — வாசகி, மதுரை

பதில்: சாப்பிடலாம். செடி வைரஸ்கள் மனிதரைத் தாக்குவதில்லை. சுவையும் சதையும் கெட்டிருந்தால் விலக்குங்கள். ஆனால் சுரை, வெள்ளரி, பீர்க்கு எதுவானாலும் கடும் கசப்பாக இருந்தால் ஒரு வாய் கூட உண்ண வேண்டாம். அது குக்குர்பிட்டாசின் என்னும் நஞ்சு. கசந்த சுரைச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. கொதிக்கவைத்தாலும் போகாது.

கேள்வி: வைரஸ் எதிர்ப்பு ரகம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா? எங்கள் ஊர் வெடிக்கும் வெள்ளரிப்பழ விதையை வைத்திருப்பதால் பயன் உண்டா? — வாசகர், மன்னார்குடி

பதில்: விளம்பரத்தில் எந்த வைரஸுக்கு எதிர்ப்பு என்று பெயர் இருக்க வேண்டும். ஒரு வைரஸுக்கான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. பைக்கட்டில் 'எச்.ஆர்.' என்றால் உயர்ந்த எதிர்ப்பு, 'ஐ.ஆர்.' என்றால் இடைநிலை. இரண்டாவதில் நோய் வரும், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.ஐ.எச்.ஆர்.) வெளியிட்ட அர்கா மாணிக் தர்பூசணிக்கு மூன்று நோய்களுக்கு எதிர்ப்பு உண்டு. அவை சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், ஆந்த்ரக்னோஸ். மூன்றும் வைரஸ் நோய்கள் அல்ல. அதை வைரஸ் எதிர்ப்பு என்று சொல்லி விற்றால் ஏமாற வேண்டாம்.

உங்கள் வெள்ளரிப்பழ விதைக்கு வருவோம். முலாம்பழத்தின் வைரஸ் எதிர்ப்புக்காக உலகம் தேடிவந்த இடம் இந்தியாதான். அமெரிக்க விதை வங்கியில் 'பி.ஐ. 414723' என்ற எண்ணில் உள்ள, வெடிக்கும் வெள்ளரிப்பழ வகையைச் சேர்ந்த இந்திய விதையிலிருந்து சுக்கினி மஞ்சள் தேமலுக்கான எதிர்ப்பு மரபணு கிடைத்தது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸுக்கு எதிர்ப்புத் தந்த 'பி.ஐ. 180280' விதையும் இந்தியாவிலிருந்து போனது.

இன்னொன்று அண்மைக் காலத்தது. 1995இல் தில்லித் தக்காளியிலிருந்து விவரிக்கப்பட்ட 'புதுதில்லி தக்காளி இலைச்சுருட்டு வைரஸ்', 2012இல் ஸ்பெயினில் சுக்கினியில் தென்பட்டு, பிறகு முலாம்பழத்தையும் பிடித்தது. அங்கே பரவும் திரிபு கொடிப் பயிருக்கு நன்றாகப் பழகியது, தக்காளியில் அவ்வளவாகத் தொற்றாது. வாலென்சியாவில் ஆய்வாளர்கள் பல நாட்டு முலாம்பழ இனங்களுக்கு அந்த வைரஸைச் செலுத்திச் சோதித்தபோது தாங்கி நின்றவை இந்திய விதைகள். முக்கியமான எதிர்ப்பு 11ஆம் குரோமோசோமில் இருப்பதையும் கண்டார்கள்.

உங்கள் ஊர் விதையில் அந்த மரபணு இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும். சோதிக்க விதை இருக்க வேண்டும் அல்லவா? கட்டாயம் வைத்திருங்கள். அது முலாம்பழத்தோடு கலப்பாகும் இனம். 500 மீட்டருக்குள் யாராவது முலாம்பழமோ சாம்பார் வெள்ளரியோ போட்டால் தேனீ கலந்துவிடும். அவ்வளவு தூரம் கிடைக்காவிட்டால், மறுநாள் மலரப்போகும் காய்ப்பூவையும் ஆண்பூவையும் மாலையில் நூலால் கட்டிவிட்டு, காலை 6–8 மணிக்குள் கையால் மகரந்தம் தடவி, மறுபடியும் கட்டி அடையாளம் வையுங்கள். வயலில் எல்லாக் கொடியும் தேமலாக நிற்கும்போது ஒன்று மட்டும் பச்சையாக நின்றால் அதன் பழத்தைத் தனியாக விதைக்கு எடுங்கள். அப்படிப்பட்ட கொடியைத்தான் வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட வேண்டும்.

கேள்வி: சோதனைக்கு இலை அனுப்பினால் 'அழுகிவிட்டது' என்று திருப்பிவிடுகிறார்கள். எப்படி அனுப்புவது? — வாசகர், விழுப்புரம்

பதில்: முற்றிக் காய்ந்த இலையில் ஒன்றும் கிடைக்காது. அடையாளம் புதிதாகத் தெரியும் இளம் இலைகளை, ஐந்தாறு செடிகளிலிருந்து, காலை வேளையில் பறியுங்கள். தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்த தாளில் சுற்றி, செடிக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணிடுங்கள். ஐஸ்கட்டியோடு இலை நேராகத் தொடாதபடி தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வார இறுதி குறுக்கிடாத நாளில் அனுப்புங்கள். நோயில்லாத செடியின் இலை ஒன்றும் தனிப்பையில் இருக்கட்டும், ஒப்பிட உதவும். தாளில் பயிர், ரகம், நட்ட தேதி, அடையாளம் தெரிந்த தேதி, வயலில் கண்ட பூச்சி, கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். பூச்சியின் பெயர் எழுதியிருந்தால் எந்த வைரஸுக்கு முதலில் சோதிப்பது என்று ஆய்வகத்துக்குத் தெரியும்: இலைப்பேன் என்றால் மொட்டுக் கருகலுக்கான சோதனை, வெள்ளை ஈ என்றால் பெகோமோ போன்ற டி.என்.ஏ. வைரஸுக்கான பி.சி.ஆர். என்னும் மரபணுச் சோதனை, பூச்சியே இல்லை என்றால் பச்சைத் தேமலுக்கான எலிசா என்னும் சோதனை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு அனுப்புங்கள்.